பதிவில் உள்ள முழங்கை

வம்பாட்டத்தைக் காப்பாற்ற, ஆட்டங்களைத் தாளில் எழுதி வைக்கிற அசைவெழுத்து வாரியத்தார் வந்து இறங்கிய நாளில், வம்பாட்டத்துக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முந்தின நாள் ஞாயிறுகூடச் சமுதாயக்கூடத்தில் கூட்டம் நெரிந்து, ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்கள் இறங்க மனமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

வம்பாட்டம் தெரியாதவர்களும் உங்களில் இருப்பீர்கள், கேளுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருத்தி காலால் ஒரு வம்பை இழுத்துப் போடுவாள்: உன் நடை இப்படி, உன் முகம் இப்படி, நீ கடையில் பேரம் பேசுகிற லட்சணம் இப்படி என்று. மேளம் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் மற்றவள் அதை வாங்கி, மேலே ஒன்று கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். திகைத்து நின்றாலோ, ஆடியதையே மறுபடி ஆடினாலோ தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவள் தோற்றாள். அவ்வளவுதான் சட்டம். வாரம் முழுக்க மனதில் சேர்த்து வைத்த கசப்பையெல்லாம் காலில் இறக்கிவிட்டு, ஒரே வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வக்கீலுக்கு வேலையில்லை.

அந்தக் கூடத்தில் எல்லோரும் காத்திருந்து பார்க்கிற ஜோடி தையலக்காவும் அவள் நாத்தனாரும். தையலக்கா பேருந்துப் பணிமனையில், கிழிந்த இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைக்கிறவள். நாத்தனார் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவள். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வந்தும் ஓரடிகூட நடக்காத வேலை. அந்தக் கால்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் கறுவிக்கொண்டே இருக்கும். அதனாலோ என்னவோ, பெரும்பாலும் ஜெயிப்பவள் அவள்தான். இது தையலக்காவுக்குச் சோற்றில் கடிபட்ட கல் மாதிரி. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

மேளம் அடிக்கிறவர் தையலக்காவின் கணவர். நாத்தனாருக்கு உடன்பிறந்த அண்ணன். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவே வாய் திறக்காமல் காலம் தள்ள, ஒரு ஆண்பிள்ளைக்கு மேளத்தைவிட நல்ல மறைவிடம் கிடையாது.

வாரியத் தலைவர் கூடத்தின் நடுவில் நின்று பேசினார். நல்ல உயரம், நல்ல குரல். மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோல இடைவெளி விட்டுத்தான் பேசுவார்.

"எழுதப்படாத ஆட்டம்... இல்லாத ஆட்டம். இன்று இந்த ஆட்டம்... இல்லை."

"நேத்துகூட ஆடினோமே சார்" என்றாள் நாத்தனார்.

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஆடினீங்கம்மா. ஆனா அதுக்கு என்ன ஆதாரம்?"

நாத்தனார் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். வம்பாட்டமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆதாரம் எடுக்கும் நாள் வந்தது. வாரியத்தின் பதிவறையில் காலடி ஓசை கேட்காத தடித்த கம்பளம். ஓசை கேட்டால் எழுதுகிறவருக்குக் கவனம் சிதறுமாம். ஏ.சி. குளிரில் மேளத்தின் தோல் விறைத்து, தகரம் மாதிரிச் சத்தம் போட்டது. எழுத்தர் சீவிய பென்சில்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஏணிபோலக் கோடு போட்ட தாள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இடது கால், அந்தப் பக்கம் வலது கால், தள்ளிப் போனால் கை, அதற்கும் அப்பால் தலை. சிறு கட்டங்கள், முனை வெட்டிய கட்டங்கள். கறுப்பு அடித்தால் அசைவு தாழ, கோடு அடித்தால் உயர. கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும்.

அந்த எழுத்தின்மேல் பழி போடக் கூடாது. அது பாவம். செய்ததைச் செய்தபடி எழுதும். அதுதான் வினையாகப் போயிற்று.

தையலக்கா முதல் வம்பைப் போட்டாள். காலைத் தூக்கினாள்.

"நில்லுங்க!" என்றார் எழுத்தர். "அப்படியே. எழுதிக்கறேன்."

தூக்கிய காலோடு நின்றாள். பென்சில் கீறியது. எவ்வளவு நேரம்தான் நிற்பது? தலையை மட்டும் வலப்பக்கம் திருப்பி, புருவத்தை உயர்த்தி, 'ஆச்சா?' என்று உதட்டாலேயே கேட்டாள். எழுத்தர் நல்ல மனிதர், கடமை தவறாதவர். கண்ணில் பட்டதை விடாமல் எழுத வேண்டும், ஆடுகிறவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அவர் உத்தியோகத்தில் சேரும்போது எடுத்த உறுதிமொழி. தலை வலப்பக்கம், புருவம் மேலே, உதடு திறப்பு. அதையும் எழுதினார்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'நில்லுங்க'. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரு 'ஆச்சா?'. கடைசியில் நாத்தனாரின் முறை வந்தபோது அவளைக் குதிகால் உயர்த்தியபடி நிற்க வைத்துவிட்டு, எழுத்தர் பென்சில் சீவப் போனார். திரும்பி வருவதற்குள் அவள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "ஐயோ அண்ணி, சதை ஏறிக்கிச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பென்சில் கீறியது.

"சார், சார், அது ஆட்டத்துல சேத்தி இல்ல. காலு பிடிச்சுக்கிச்சு. இன்னொருவாட்டி ஆடறோம்."

"ஒரு ஆட்டத்துக்கு ஒரு பதிவுதாம்மா" என்றார் எழுத்தர் மெதுவாக. "நீங்க உட்கார்ந்ததை ரொம்ப அழகா எழுதியிருக்கேன். கவலைப்படாதீங்க."

அடுத்த வருஷம் அந்தப் பதிவைப் புத்தகமாக்கி வெளியீட்டு விழா. வாரியத்தில் பயின்ற மாணவிகள் இருவர் வம்பாட்டம் ஆடினார்கள். ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரிக் கொண்டை. ஒருத்தி காலைத் தூக்கினாள். தூக்கிய காலோடு நின்றாள். தலையை வலப்பக்கம் திருப்பி, புருவத்தை உயர்த்தி, உதட்டைத் திறந்தாள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இதுதான்!" என்றார் தலைவர் மேடையிலிருந்து. "பதில் தெரியாத பிரபஞ்சத்தைப் பார்த்து... மனிதகுலம் எழுப்பும்... மௌனக் கேள்வி!"

"அண்ணி, அது நீங்க பென்சில்காரரைப் பாத்த பார்வை" என்று காதில் கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"சும்மா இருடி. பெரியவங்க பேசறாங்க."

தையலக்கா அப்படி அதட்டியதற்குக் காரணம் உண்டு. அடுத்து அவளைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். பதிவின்படி வம்பாட்டத்தில் ஜெயிப்பவள் அவள். ஆகவே 'நிலையான வெற்றியாளர்' என்று கண்ணாடி போட்ட பத்திரம் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். நாத்தனாருக்கும் ஒன்று இருந்தது. அதில் 'உட்கார்பவர்' என்று போட்டிருந்தது.

தையலக்கா தன் பத்திரத்தை வாசலைப் பார்த்த சுவரில், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினாள். தினமும் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். ஒருநாள் நாத்தனார் வந்தாள், பார்த்தாள், செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனாள். அப்புறம் கூடத்துக்கு வந்தால் ஆடுவாள், வீட்டுக்கு வரமாட்டாள். கணவர் மேளத்தின் வாரை மட்டும் அடிக்கடி இறுக்கினார்.

கொஞ்ச நாளில் கூடத்துக்கும் பூட்டு வந்தது. வாசலில் வாரியத்தின் காவலாளி.

"அனுமதி அட்டை இருக்கா?"

"ஆடறதுக்கா? நாங்கதானப்பா அந்த ஆட்டமே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றான் காவலாளி. அவன் மேலும் குற்றமில்லை. வாரியத்தின் பதிவுப்படி ஆடத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இனிக் கூடம். அதற்குத் தேர்வு உண்டு. தேர்வுக்கு முன்னால் பயிற்சி வகுப்பும் உண்டு.

ஆக, தையலக்காவும் நாத்தனாரும் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே கற்றுக்கொள்ளப் போனார்கள். ஒரே பேருந்தில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து. பயிற்றுநர் ஒரு சின்னப் பெண். கையில் பிரம்பு, கண்ணில் கண்ணாடி. தாளைப் பார்ப்பாள், தையலக்காவைப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள்.

"உங்க முழங்கை தப்பும்மா."

"என் முழங்கையைப் பாத்துத்தானே கண்ணு எழுதினாங்க?"

"ஆமா. பதிவுல இருக்கற உங்க முழங்கை சரியா இருக்கு. உங்ககிட்ட இருக்கற முழங்கைதான் தப்பு."

தையலக்கா தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் ரெக்ஸினை இழுத்துப் பிடித்துத் தைத்த கை. அது எப்போது தன்னைவிட்டுப் பிரிந்து வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இந்த இடத்துல புருவத்தைத் தூக்கணும். இன்னும் கொஞ்சம். பிரபஞ்சத்தைக் கேக்கற மாதிரி."

"அது பென்சிலைக் கேட்டதும்மா."

"குறுக்கப் பேசக் கூடாது. மதிப்பெண் போயிடும்."

நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். தையலக்காவுக்கும் சிரிப்பு வந்தது. பத்திரம் மாட்டிய நாளிலிருந்து இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் மதிப்பெண் போயிற்று.

இரண்டு பேருமாகத் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். திருத்தம் கேட்டார்கள். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார்.

"அம்மா, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆனா நீங்க கொஞ்சம் பொதுநலமா யோசிக்கணும். இந்தப் புருவத்தை ஆராய்ச்சி பண்ணி எத்தனை பேர் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கிட்டிருக்காங்க தெரியுமா? அதுல ஒருத்தர் என் மாப்பிள்ளை. இப்ப நீங்க வந்து பென்சில்னு சொன்னா, அந்தப் பிள்ளைங்க நிலைமை என்ன ஆகறது?"

"அப்ப எங்க ஆட்டத்தோட நிலைமை?"

"அதுக்கு ஒரு குறையும் வராது. இரும்புப் பெட்டியில இருக்கு. தீ பிடிக்காது, தண்ணி புகாது." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லணும்னா, ஒரு ஆட்டத்துக்குப் பெரிய ஆபத்தே ஆடறவங்கதாம்மா. ஆளுக்கு ஒரு மாதிரி ஆடறீங்க. ஒரே ஆள் நேத்து ஒரு மாதிரி, இன்னைக்கு ஒரு மாதிரி. நாங்க யாரைத்தான் நம்பறது?"

"நாத்தனார் உட்கார்ந்தது மட்டுமாவது..."

"அவங்க உட்காரத்தான் வேணும். உட்காரலைன்னா ஆட்டம் எப்ப முடியும்? முடியாத ஒண்ணை எப்படி அச்சடிக்கறது?"

வெளியே வந்ததும் நாத்தனார் விறுவிறுவென்று போய்விட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம், தையலக்கா பணிமனையில் ஒரு இருக்கையின் அடியில் உறையை இழுத்து ஆணியடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்து, உறை போடாத இன்னொரு இருக்கையின் பஞ்சின்மேல் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் உட்கார்ந்துடறேன் அண்ணி."

தையலக்காவின் சுத்தியல் நின்றது.

"அண்ணனுக்கு அந்தக் கூடம் வேணும். ஞாயித்துக்கிழமை வந்தா வாசல்ல போய் நின்னுட்டு வருது, பாத்தீங்களா? எனக்கும் வேணும். வாரம் பூரா அந்த இரும்புப் பெட்டிக்குள்ள பட்டனை அமுக்கறேன். ஞாயித்துக்கிழமையும் இல்லன்னா காலை வெட்டித் தூரப் போட வேண்டியதுதான். உட்கார்ந்தா கூடம் கிடைக்கும்னா உட்கார்ந்துட்டுப் போறேன். நீங்க ஜெயிங்க."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும். உங்க ஆயுசுக்கும். உங்களுக்கு என்ன வலிக்குது? ஆசைப்பட்டதுதானே?"

அவள் எழுந்து போய்விட்டாள். தையலக்கா அடுத்த ஆணியைக் கோணலாக அடித்துவிட்டுப் பிடுங்கினாள். ஆசைப்பட்டதுதான். இல்லையென்று யாரிடம் சொல்வது? அவளை ஜெயிக்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி கால்விரலைப் போர்வைக்குள் ஆட்டிப் பார்த்திருக்கிறாள்! ஆனால் அப்போதெல்லாம் மனசுக்குள் ஒரு நாத்தனார் எதிரே நின்று, மேளம் திரும்பி வருமுன் என்னத்தைக் கொடுப்பாளோ என்று தூக்கத்தைக் கெடுப்பாள். இனி தூக்கம் கெடாது. இவள் காலைத் தூக்குவாள், அவள் உட்காருவாள். இருக்கைக்கு உறை போடுகிற மாதிரி.

தேர்வு நாள். அதே கம்பளம், அதே குளிர். தேர்வாளர்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு தாளைப் பிரித்தார்கள். நடுவில் தலைவர். மேளம் தொடங்கியதும் எல்லா விரல்களும் தாளின் அடியில் போய் நின்றன. ஒரு தலைகூட நிமிரவில்லை. ஆட்டம் ஏற ஏற விரல்கள் மேலே ஏறின. தையலக்கா காலைத் தூக்கினாள். நின்றாள். பிரபஞ்சத்தைக் கேட்டாள். "சரி" என்று விரல்கள் நகர்ந்தன. முழங்கை சரி. கழுத்து சரி. நாத்தனாரின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

கடைசி ஏணிப்படி. நாத்தனார் குதிகாலை உயர்த்தி நின்றாள். முழங்கால் மடங்க ஆரம்பித்தது.

தையலக்காவுக்குள் என்னவோ அறுந்தது. நினைத்துச் செய்ததில்லை. கால் தானாகப் போயிற்று. சட்டென்று விறைத்து நின்று, அண்ணாந்து லிஃப்டின் மாடி எண்ணைப் பார்த்து, பெரிய அதிகாரிக்குப் பக்கத்தில் மூச்சுவிடப் பயந்த மூஞ்சியோடு, ஒரு விரலால் பட்டனை அமுக்கினாள். அமுக்கிவிட்டு, மேலே போவதுபோல் அங்குலம் அங்குலமாக எழும்பினாள். அசல் நாத்தனார்.

பாதி மடங்கிய முழங்கால் அப்படியே நின்றது.

"இது எங்க இருக்கு?" என்று தேர்வாளர் ஒருவர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்.

மேளக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பக்கமும் சாயாத மனிதர் இப்போது ஆட்டத்தின் பக்கம் சாய்ந்தார். மேளத்தை ஒரு சுற்று விட்டார்.

நாத்தனார் நிமிர்ந்தாள். கண்ணில் பழைய நெருப்பு. பட்டனைத் தானும் அமுக்கி, லிஃப்டிலிருந்து இறங்கி, நேரே ஒரு வீட்டு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றப் போனவள் சுவரைப் பார்த்து மயங்கி நின்றாள். இல்லாத கண்ணாடி மேல் வாயால் ஊதினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். தள்ளி நின்று அழகு பார்த்தாள். தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள். மறுபடி ஊதினாள்.

"ஐயா, தாள் முடிஞ்சுபோச்சு. இவங்க இன்னும் ஆடறாங்க!" என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் கத்தினார்.

தையலக்கா திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தாள், காலைத் தூக்கினாள். ஒன்றும் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. வெட்கமும் சிரிப்புமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மேளம் சுற்றி வந்து நின்றது. அவள் கம்பளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்க... உட்காரக் கூடாது" என்றார் தலைவர். "நீங்க ஜெயிக்கறவங்க."

"தோத்துட்டேன் சார்."

"பதிவுல நீங்க தோக்கலை!"

"பதிவுல இல்ல சார். இங்கதான் தோத்தேன். பாத்தீங்கதானே?" அவள் தேர்வாளர்களைப் பார்த்தாள். "ஓ, நீங்க பாக்கலை இல்ல?"

தலைவர் தணிந்து வந்தார். எழுந்திருக்கச் சொன்னார். கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி ஆடி, நாத்தனார் ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும், நடந்ததை மறந்துவிட்டு இப்போதே அனுமதி தந்துவிடுவதாகச் சொன்னார். கூடத்தின் சாவியைக்கூடக் கையில் எடுத்துக் காட்டினார்.

மேளக்காரர் சாவியைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்துத் தலையை மெதுவாக இடவலமாக ஆட்டினார்.

"நீங்க எழுதினது பொய்யில்ல சார்" என்றாள் தையலக்கா, உட்கார்ந்தபடியே. "அன்னைக்கு நடந்ததுதான். பத்திரமா வச்சுக்குங்க. தீ பிடிக்காம, தண்ணி புகாம வச்சுக்குங்க. ஆனா இவளை உட்காரச் சொல்லாதீங்க. இவ உட்கார்றதா இருந்தா நான் உட்கார வைக்கணும். என் காலால. அதுக்கு எனக்கு இன்னும் வயசு இருக்கு."

"எழுந்திருங்கம்மா!"

"தோத்தவளை நீங்க எழுப்ப முடியாது சார். ஜெயிச்சவ எழுப்பட்டும்."

காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து, இப்படி ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக் கையாள விதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. தேர்வாளர்கள் சாப்பிடப் போனார்கள், சாப்பிட்டு வந்தார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். அந்த இடத்திலேயே தீர்ப்பைத் தட்டச்சு செய்து படித்தார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. இவர்கள் ஆடுவதை வம்பாட்டம் என்று அழைக்கக் கூடாது. இனி இவர்கள் எங்காவது ஆடக் கண்டால், அது 'இனம் தெரியாத அசைவு' என்று கருதப்படும். நிலையான வெற்றியாளர் பத்திரத்தையும் திருப்பித் தர வேண்டும்.

"சுவத்துல ஆணி என்னுது. அதைத் தர மாட்டேன்" என்றாள் தையலக்கா.

அப்போதுதான் நாத்தனார் வந்து கையை நீட்டினாள். தையலக்கா அதைப் பிடித்துக்கொண்டு, முட்டி சொடுக்க எழுந்தாள்.

பேருந்தில் கூட்டம். மூன்று பேரும் படிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கூடம் போய்விட்டது. பேர் போய்விட்டது. கணவர் மேளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "பணிமனையில பஸ்ஸெல்லாம் வெளிய போனப்புறம் தரை காலியாத்தான் கிடக்குது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ஊதினேன் பாத்தீங்களா அண்ணி, கண்ணாடியை?" நாத்தனாருக்கு வாய் நிற்கவில்லை. "உங்க மூஞ்சியைப் பாக்கணுமே! அப்படியே பொத்துனு உட்கார்ந்தீங்க. இனி ஒரு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்."

"சிரி. நல்லாச் சிரி."

பேருந்து வளைவில் சாய்ந்தது. சாய்ந்த சாக்கில் தையலக்கா நாத்தனாரின் கால்மேல் நறுக்கென்று ஒரு மிதி மிதித்து, ஓரடி பின்வாங்கி, இடுப்பில் கை வைத்து நின்றாள். கணவரின் விரல்கள் மேளத்தைத் தேடிப் போயின.

"அம்மா, உள்ள போங்க, உள்ள போங்க, வழி விடுங்க!" என்று நடத்துநர் கத்திக்கொண்டே இருந்தார்.